கார் கார்ப்பெட்டில் பெட்ரோல் சிந்தினால் என்ன செய்வது?

(கிளப் ஹவுஸில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கடைசியில் வந்த கேள்விகளையும் பதில்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

செகரட்டரி சார் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். எனக்கு அடுத்து தண்ணீர் லாரி கணக்கும் லிஃப்ட் ஏ.எம்.சி.யும் இருக்கின்றன. அதற்குத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இந்த ஹாலில் ஒன்றிரண்டு பேராவது இருப்பீர்கள். அப்புறம் இவருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. நான் அப்போது வெளியூர்க் கிளையில் இருந்தேன். ஜெனரேட்டர் ரெஜிஸ்டர் என் பொறுப்பு. டீசல் கேனை வாங்கி வருவது, அளந்து ஊற்றுவது, சிந்தியதைத் துடைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் நடக்கும். எரிபொருளோடு எனக்கு உள்ள பழக்கம் அவ்வளவுதான். மீதியைப் படித்தும் மெக்கானிக்குகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் பி பிளாக் பேஸ்மென்ட்டில் நான்கு நாள் பெட்ரோல் வாடை அடித்ததே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லலாம். சம்பந்தப்பட்டவர் இந்த ஹாலில்தான் இருக்கிறார். பெயர் சொல்லாமல் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு உதவும் என்று அவரே சொன்னார். பெரிய மனசு.

அவருடைய மகனின் பைக் வழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. யாரோ இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பைக்குக்கு அரை லிட்டர் ஊற்றிவிட்டு மீதியை இவர் காரின் டிக்கியில் வைத்தார். வெயிலில் கார் நின்றது. பெட்ரோல் சூடானால் ஆவியாகும், ஆவி பாட்டிலை உப்ப வைக்கும். தண்ணீருக்காகச் செய்த மூடி அந்த அழுத்தத்தைத் தாங்காது. பாட்டில் சாய்ந்தது, மூடி ஓரமாகக் கசிந்தது. வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தபோது பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டர் கார்ப்பெட்டுக்குள் போய்விட்டது.

முதல் நாள் நியூஸ் பேப்பரால் துடைத்தார். இரண்டாம் நாள் மல்லிகை வாசனை கார் பெர்ஃப்யூம் வாங்கி மாட்டினார். பெட்ரோலும் மல்லிகையும் சேர்ந்த அந்த வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது, நான் சாட்சி. மூன்றாம் நாள் சாயங்காலம் எக்ஸ்டென்ஷன் ஒயரும் வாக்யூம் கிளீனருமாகப் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார். ட்யூப்லைட் மாற்ற வந்திருந்த நம் எலக்ட்ரீஷியன் தம்பிதான் பிளக்கைப் பிடுங்கி, "சார், பெட்ரோல் நாத்தத்துல மோட்டார் போடாதீங்க" என்று நிறுத்தினார். அந்தத் தம்பிக்கு அசோசியேஷன் சார்பில் ஒரு சால்வை போட வேண்டும் என்று நான் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததே இதுதான். கார்ப்பெட்டில் பெட்ரோல் சிந்தினால் நாம் எல்லோரும் அதைக் கறை, நாற்றம் என்று பார்க்கிறோம். அதற்கு முன்னால் அது நெருப்பு விஷயம். நாற்றத்துக்கு ஒரு வாரம் கூட எடுத்துக்கொள்ளலாம், நெருப்பு ஒரு நிமிடம் தராது.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கு அருகிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் அது ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். நம் வளாகத்தில் பள்ளம் எது? பேஸ்மென்ட். அதற்குள்ளும் பள்ளம் எது? சம்ப் மோட்டார் குழி. அந்த மோட்டார் தானாக ஆன் ஆகிற மோட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழைய புத்தி போகாது. காற்றில் சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு நடுத்தர காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.4 சதவீதம் என்றால் 42 லிட்டர் ஆவி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 180, 200 லிட்டர் ஆவி வரும். ஆக, மூடிய காருக்குள் கால் லிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். ஒரு பெரிய டம்ளர். இது தோராயக் கணக்குதான். ஆவி கீழேயே தங்குவதால், சீட்டுக்கு அடியில் அந்த அளவை எட்ட இன்னும் குறைவாகவே போதும்.

இப்போது வாக்யூம் கிளீனருக்கு வாருங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண வாக்யூம் கிளீனரின் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசி ஓயாமல் தீப்பொறி வரும். அது உறிஞ்சும் காற்று பெரும்பாலும் அந்த மோட்டார் வழியாகத்தான் வெளியே போகும். பெட்ரோல் ஆவியை இழுத்துத் தீப்பொறிக்குள் தள்ளுகிற இயந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரும் அப்படித்தான், அதில் சூடான கம்பி வேறு. சாம்பிராணி போட்டால் வாடை போகும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம். ராத்திரி டியூட்டி செக்யூரிட்டி கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவார், அதற்குத் தீக்குச்சி உரசுவார். அந்த நான்கு நாளும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அந்த காருக்கும் நடுவே மூன்று கார் நிறுத்தும் இடம்தான். அவருக்கு நாம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடை அடிக்கிறது என்று வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது மெசேஜ் போட்டோம்.

சரி, சிந்திவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலேயே தெரிந்துவிட்டால் பேஸ்மென்ட்டுக்குள் இறக்கவே வேண்டாம். இறக்கிவிட்டால் ரேம்ப்பில் தள்ளி ஏற்ற நாலு பேரால் ஆகாது. பேட்மின்டன் கோர்ட் பக்கத்தில் விசிட்டர் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். குழந்தைகளை இறக்குங்கள். நான்கு கதவும் டிக்கியும் திறந்திருக்கட்டும். உள்ளே விளக்கு, ஏ.சி., போன் சார்ஜர் எதையும் போட்டு அணைத்து விளையாட வேண்டாம். பேஸ்மென்ட்டிலேயே கேன் கவிழ்ந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடினால் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது, பக்கத்துக் காரையும் யாரும் எடுக்கக் கூடாது. எல்லோரும் மேலே வந்து, செக்யூரிட்டியிடம் சொல்லி வழியை அடைத்துவிட்டு, 101-க்குப் போன் செய்யுங்கள். ஒரு கேனுக்காகத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதா என்று கூச்சப்பட வேண்டாம், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஒற்றி எடுப்பது. தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும், கீழேயும் இறங்கும். பழைய வெள்ளை வேட்டி இருந்தால் உத்தமம், சாயத் துணி என்றால் சாயம் கார்ப்பெட்டில் ஏறும். மடித்து வைத்து அழுத்தி எடுங்கள், துணியை மாற்றி மாற்றி, ஈரம் ஒட்டாத வரைக்கும். கையில் ரப்பர் கையுறை போடுங்கள். தலை கிறுகிறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. காருக்குள் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் வேலை செய்யக் கூடாது.

ஒற்றிய பிறகு தூள். ஆப்ப சோடாவைக் கணிசமாகத் தூவி, ஓர் இரவு விடலாம். முல்தானி மட்டி இன்னும் நன்றாக இழுக்கும், எண்ணெயை இழுப்பதற்கென்றே பெயர் போன மண் அது. ஆனால் வெளிர் நிறக் கார்ப்பெட்டில் அதன் நிறம் தங்கிவிடும், அதற்கு ஆப்ப சோடாவே போதும். பூனை வளர்ப்பவர்கள் பூனை மணலையும் போடலாம். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றில் சோடா கட்டி கட்டியாகிவிடும், அப்போது நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மரத்தூள் போட வேண்டாம், அதுவே எரியும். தூளை விளக்குமாற்றாலும் முறத்தாலும் வாருங்கள். ஈரமும் வாடையும் முழுக்கப் போன பிறகு, கடைசியாக மிஞ்சும் பொடிக்கு வேண்டுமானால் வாக்யூம் போடலாம்.

இதன் பிறகுதான் சோப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன். துணியில் நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றுங்கள். பக்கெட்டோடு ஊற்ற வேண்டாம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர்கள் போகின்றன, சில மாடல்களில் எலக்ட்ரானிக் பெட்டியே சீட்டுக்கு அடியில் இருக்கும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் கிட்டேயே வரக் கூடாது. அதற்குப் பிறகும் லேசாக வாடை இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒற்றலாம். வினிகர் வாடை ஓரிரு நாளில் போய்விடும். நன்றாகக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் வாடை போய் பூஞ்சை வாடை வரும். கடைசியில் ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரித் துண்டுகளோ காபித்தூளோ வைத்து இரண்டு மூன்று நாள் காரை மூடி வைக்கலாம். சிக்கரி கலந்த தூள் போதும், நல்ல பீபரியை வீணாக்க வேண்டாம்.

இவ்வளவையும் நம் நண்பர் திறந்த வெளியில் ஒழுங்காகச் செய்தார். அப்படியும் வாடை போகவில்லை. எங்கே தப்பு என்று பார்க்க நானும் போனேன்.

கார் கார்ப்பெட் ஒரே துணி இல்லை. மேலே நாம் பார்ப்பது செயற்கை இழை. அதற்கு அடியில் ஃபெல்ட் அல்லது ஸ்பாஞ்சு, சத்தம் குறைக்க. அதற்கு அடியில்தான் தகரம். டிக்கியிலோ கார்ப்பெட்டுக்கு அடியில் ஓர் அட்டைப் பலகை, அதைத் தூக்கினால் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழி. இவர் மூன்று தடவை சுத்தம் செய்ததெல்லாம் மேல் துணியை. பலகையைத் தூக்கி ஸ்டெப்னியைக் கழற்றினோம். குழியின் அடியில் ஃபெல்ட் இன்னும் ஈரம். ஓரத்தில் பளபளவென்று கொஞ்சம் தேங்கியும் இருந்தது. மேலே டயர், பலகை, கார்ப்பெட் எல்லாம் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்ததால் அது ஆவியாகிப் போகவும் வழியில்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை அதில் போட்டு வைப்பார்கள். அதைத் தீர்க்காமல் விட்டால் எத்தனை வருடமானாலும் பாலன்ஸ் ஷீட்டில் வந்து நிற்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் அந்த மாதிரி. பெர்ஃப்யூம் அடிப்பது அந்தக் கணக்குக்கு மேல் ஒரு பேப்பரை வைத்து மூடுவதுதான்.

குழியைத் துணியால் ஒற்றி, ஃபெல்ட்டைக் கழற்றி வெளியே தொங்கவிட்டு, குழியை சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டோம். பல கார்களில் அந்தக் குழியின் அடியில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து தண்ணீரை வடிக்கலாம், ஆனால் அடியில் ஒரு தட்டு வைத்துப் பிடியுங்கள், மழைநீர் வடிகாலுக்குள் விடக் கூடாது. இரண்டு நாள் வெயிலில் வாடை போய்விட்டது. ஃபெல்ட் மட்டும் தேறவில்லை, புதிதாக வாங்கினார். முன் சீட்டுக்கு அடியில் சிந்தியிருந்தால் இவ்வளவு சுலபமில்லை, சீட்டைக் கழற்ற வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் இணைப்பு. ஒர்க்‌ஷாப்காரர் வேலை அது. சீட் ஸ்பாஞ்சுக்குள்ளேயே போயிருந்தால் ஸ்பாஞ்சை மாற்றுவதுதான் வழி, ஆறு மாதம் மல்லுக்கட்டுவதைவிட அது லாபம்.

ஒற்றிய துணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாஷிங் மெஷினில் போட வேண்டாம், டிரையர் இருக்கும் மெஷின் என்றால் இன்னும் மோசம். குப்பைக் கூடையில் அமுக்கியும் வைக்கக் கூடாது. பால்கனியில் காயப் போடவும் வேண்டாம், கீழ் வீட்டு அடுப்பங்கரை ஜன்னல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். திறந்த வெளியில், நெருப்புக்கும் மோட்டாருக்கும் தள்ளி, கொடியில் விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்த பிறகு தனியாகக் கட்டி, வீட்டு அபாயக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

டீசல் வேறு ஜாதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம்மில் பல பேர் ஜெனரேட்டருக்காக டீசல் கேன் சுமந்தோம். அன்று சிந்திய டீசலின் வாடை இன்னும் சில கார்களில் இருக்கிறது. பெட்ரோல் மாதிரி டீசல் ஆவியாகிப் போகாது, எண்ணெய் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். காற்றில் விட்டுப் பயனில்லை, சோப்பு லிக்விட்தான் அதை எடுக்கும், இரண்டு மூன்று தடவை போட வேண்டும். டீசல் சுலபத்தில் பற்றாது என்று ஒரு தைரியம் நம்மிடம் உண்டு. நம் நாட்டு டீசலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி. சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் 50 டிகிரி சாதாரணம். தைரியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே சிந்தாமல் வாடை வந்தால்? அப்போது கார்ப்பெட்டைத் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். நிறைய கார்களில் பெட்ரோல் பம்ப் பின் சீட்டுக்கு அடியில், டேங்க் மேலேதான் இருக்கிறது. அதன் வாஷர் போயிருக்கலாம், டேங்க் வாய்க்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. பங்கில் கட் ஆன பிறகும் ரவுண்டாக இருக்கட்டும் என்று இன்னும் முப்பது ரூபாய்க்குத் திணிப்பதை விட்டுவிடுங்கள். அதற்கும் வாடை வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் குரூப்பில் கேட்டிருந்தார். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் ஒருவர் லைசென்ஸ் இன்றி 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ளலாம். உடனே சந்தோஷப்பட வேண்டாம். எதில் வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இறுக்கமாக மூடிய கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகக் கேன் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கேனை நிரப்பும்போதும் டிக்கிக்குள் கார்ப்பெட் மேல் வைத்து நிரப்பக் கூடாது. கீழே தரையில் வைத்து நிரப்ப வேண்டும். கார்ப்பெட் மேல் இருந்தால் ஸ்டாடிக் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி தட்டும்.

இப்போது கமிட்டி முன்னால் இருக்கும் தீர்மானத்துக்கு வருகிறேன். காரில் எரிபொருள் சிந்தினால் உடனே செக்யூரிட்டியிடம் சொல்ல வேண்டும், வாடை முழுக்கப் போகும் வரை காரைப் பேஸ்மென்ட்டில் நிறுத்தக் கூடாது, விசிட்டர் இடம் இலவசமாகத் தரப்படும் என்பது தீர்மானம். என் காரை என் இடத்தில் நிறுத்த அசோசியேஷனைக் கேட்க வேண்டுமா என்று இரண்டு பேர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார்கள். ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய இடம்தான். ஆனால் கிரயப் பத்திரத்தில் இருப்பது கோடு போட்ட தரை. அந்த ஆவி கோட்டைப் பார்த்து நிற்காது. பி பிளாக்கில் 48 வீடு, ராத்திரி பதினோரு மணிக்கு அத்தனை பேரும் அந்த பேஸ்மென்ட்டுக்கு மேலேதான் தூங்குகிறோம்.

அபராதம் என்று ஒரு வரி முதல் வரைவில் இருந்தது. அதை எடுத்துவிடும்படி நான்தான் சொன்னேன். அபராதம் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், மல்லிகை பெர்ஃப்யூம்தான் வாங்குவார்கள். நம் நண்பர் சொல்லாமல் இருந்ததற்கும் காரணம் அதுதான், குரூப்பில் கிழித்துவிடுவார்களே என்று. நாற்பது மெசேஜையும் படித்துப் பார்த்தால் அவர் பயந்ததில் தப்பில்லை என்று தெரியும்.

பேச்சு முடிந்ததும் வந்த கேள்விகள்:

சி பிளாக் மேடம் ஒருவர், வாடை போய்விட்டது என்று எப்படி நிச்சயம் செய்வது என்று கேட்டார். நம் மூக்கை நம்பக் கூடாது. ஒரே வாடையில் பத்து நிமிடம் இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும், இல்லை என்று பொய் சொல்லும். காரை மூடி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, அந்தக் காரில் அன்று ஏறாத ஒருவரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்காவிட்டால் பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோகலாம்.

சிந்திய காரில் குழந்தையின் சீட் இருந்தால்? உறையைத் தனியாகக் கையால் துவைத்துக் காயப் போடுங்கள். ஸ்பாஞ்சில் பட்டிருந்தால் அந்த சீட்டை மாற்றிவிடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

டேங்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி எடுப்பது பற்றி ஏ பிளாக் தம்பி ஒருவர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், நான் சிரிக்கவில்லை. துளி பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தி எடுக்கும்போதும் நுரையீரலுக்குள் போகும். உடனே 108. கையால் அழுத்துகிற பம்ப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது.

டீடெய்லிங் கடையில் ஓசோன் மெஷின் வைக்கிறார்களே, அது பயன்படுமா என்று ஒருவர் கேட்டார். மிஞ்சிய லேசான வாடைக்குப் பயன்படும். ஈரம் இருக்கும்போது வைக்கக் கூடாது, அதுவும் கரண்டில் ஓடும் இயந்திரம்தான். ஓசோன் மூச்சுக்கு நல்லதில்லை, வைத்து முடித்த பிறகு காரை நன்றாகத் திறந்துவைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தீப்பிடித்தே விட்டால் தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு ஓடும். தூண்களில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டர் ஏ.பி.சி. பவுடர் வகை, அது பெட்ரோலுக்கு ஆகும். ஆரம்ப நெருப்பு என்றால் மட்டும், வெளியே போகும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். காருக்குள் முழுக்கப் பிடித்துவிட்டால் ஓடி வந்துவிடுங்கள். கார் போனால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, இந்தச் சாமான்களையெல்லாம் அவசரத்துக்கு எங்கே தேடுவது என்று ஒருவர் கேட்டார். கையுறை, வெள்ளைத் துணி, ஐந்து கிலோ ஆப்ப சோடா, இரண்டு கிலோ முல்தானி மட்டி, ஒரு முறம், சோப்பு லிக்விட் எல்லாம் ஒரு மூடி போட்ட பக்கெட்டில் வாங்கி வைத்தாகிவிட்டது. மெயின் கேட் செக்யூரிட்டி ரூமில் மேஜைக்கு அடியில் இருக்கிறது. எந்த நேரமும் எடுக்கலாம், பணம் இல்லை. எடுத்தவர் ரெஜிஸ்டரில் ஃப்ளாட் நம்பர் மட்டும் எழுதினால் போதும், தீர்ந்ததை நான் வாங்கி நிரப்பிவிடுகிறேன்.